ஆறாவது றெக்கை

“அஞ்சுதானுங் மாமா இருக்குது. இன்னொண்ணு எங்க போச்சுன்னே தெரியலீங்க.”

கணபதி என்கிற பகுதியில், என் மச்சினன் சாமுவின் பட்டறை. தரையில் விரித்த பழைய செய்தித்தாள் மேல் ஐந்து ரப்பர் துண்டுகளை அவன் வரிசையாக வைத்திருந்தான். ஒவ்வொன்றும் கட்டைவிரல் அகலம் இருக்கும். கறுப்பு நிறம், ஓரமெல்லாம் கருகிப் பிய்ந்திருந்தது. பக்கத்தில் என் படகின் இன்ஜின், தலை வேறு உடல் வேறாகக் கழற்றிக் கிடந்தது. சாமு குப்புறப் படுத்து, டார்ச் விளக்கை வாயில் கவ்விக்கொண்டு, ஒரு சைக்கிள் கம்பியை வளைத்து இன்ஜினின் தண்ணீர்ப் பாதைக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான்.

நான் அவன் தலைமாட்டில் நின்றேன். ஆறாவது துண்டு என் சட்டைப் பையில் இருந்தது.

எடுத்துக் கொடுக்க ஒரு நொடி போதும். எனக்கு மூன்று நாள் ஆயிற்று. இந்த வாரம் அந்த மூன்று நாளைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. எழுதாமல் தாண்டிப் போய்விடலாமா என்று பார்த்தேன், முடியவில்லை.

கப்பல் வாத்தியார்

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்கு நாலு வரி. தொண்ணூறுகளின் நடுவில் பீளமேட்டில் ஒரு பாலிடெக்னிக்கில் நான் மெக்கானிக்கல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மாணவர்களைக் கொச்சிக்குத் தொழிற்சாலை பார்க்க அழைத்துப் போன இடத்தில், காயல் ஓரம் ஒரு தென்னை மரத்தில் கட்டிக் கிடந்த பழைய பாய்ப்படகு கண்ணில் பட்டது. பாய் கிழிந்து, மரம் வெளுத்து, அடியெல்லாம் பாசி. உடையவர் வால்பாறைப் பக்கம் எஸ்டேட் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் போய்விட்டது, இனிமேல் ஏறி இறங்க முடியாது என்றார். வாங்கிவிட்டேன். என்ன விலை என்பதை என் மனைவி எஸ்தரிடம் இன்றுவரை சரியாகச் சொன்னதில்லை.

ஊரில் கிண்டலுக்குக் குறைவே இல்லை. “ஏனுங் சார், கப்பல் வாங்கிட்டீங்களாமா? எங்க உடப் போறீங்க, சிங்காநல்லூர்க் கொளத்துலீங்களா?” என்று பஸ் ஸ்டாப்பில் நிறுத்திக் கேட்டார்கள். மாணவர்கள் எனக்குக் கப்பல் வாத்தியார் என்று பேர் வைத்தார்கள். அதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. உள்ளுக்குள் பெருமையாகவே இருந்தது. மற்றவர்கள் மாருதி கார் வாங்கினார்கள், நான் படகு வாங்கினேன்.

படகின் வயிற்றுக்குள், ஏணிப்படிக்குக் கீழே, ஒரு டீசல் இன்ஜின் உட்கார்ந்திருந்தது. காற்று விழுந்துவிட்டால், அல்லது துறைக்குள் நுழையும்போது, பாயை நம்ப முடியாது. அப்போதுதான் அதற்கு வேலை. எத்தனையோ மழைக்காலம் அது ஓடாமல் கிடந்திருந்தது. பிஸ்டன் சிலிண்டரோடு துருவேறி ஒட்டிப்போய், கைப்பிடியை மாட்டி எவ்வளவு அழுத்தினாலும் நூலளவு அசையவில்லை.

டீசல் இன்ஜினைப் பற்றிப் பதினான்கு வருடம் பாடம் நடத்தியவன் நான். குறுக்குவெட்டுப் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வரைவேன். இது நானே சரிசெய்யப் போகிற இன்ஜின் என்று முதல் நாளே முடிவு செய்திருந்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை கொச்சிக்குப் போய்வந்தேன். ஒரு போல்ட்டின் தலையை உடைத்ததைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை.

“ஏனுங்க, தம்பிகிட்டத்தான் ஒரு வார்த்தை சொல்லுங்களேன்,” என்றாள் எஸ்தர்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லக் கூடாது என்றுதான் அத்தனை பாடும்.

விருந்தில் ஆறிய சோறு

சாமு எஸ்தருக்கு நேர் இளையவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். எங்கள் இரண்டு குடும்பமுமே ஆனைமலைப் பக்கம் நிலக்காரப் பண்ணாடிகள் தோட்டத்தில் கூலி வேலை செய்து பிழைத்தவை. என்னை மிஷன் போர்டிங்கில் சேர்த்துப் படிக்க வைத்தார்கள். சாமுவின் அப்பாவுக்குத் தோட்டத்துக் கிணற்று ஆயில் இன்ஜினைப் பார்த்துக்கொள்கிற வேலை. சாமு அதன் பக்கத்திலேயே வளர்ந்தான். நான் புத்தகத்தில் படித்ததை அவன் காதால் படித்தான் என்று என் மாமனார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். எதிரில் நான் உட்கார்ந்திருக்கும்போதும் சொல்லுவார்.

எனக்கு அவன் மேல் பொறாமை. மறைக்க ஒன்றுமில்லை. அது எந்த நாளில் ஆரம்பித்தது என்றுகூடச் சொல்ல முடியும்.

கல்யாணம் முடிந்து முதல் முறை மாமியார் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தோம். தலைவாழை இலை போட்டு, கோழிக் குழம்பு ஊற்றி, ஒறம்பரை சனம், சொந்தபந்தம் எல்லாம் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியார் மாப்பிள்ளை என்று ஏக மரியாதை. அப்போது பக்கத்துத் தோட்டத்தில் ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. சாமு அப்போது மீசை நன்றாக முளைத்த ஆள், பந்தியில் எனக்கு எதிரே இருந்தான். சோற்றில் கை வைத்தபடியே, “டீசல்ல தண்ணி கலந்திருக்குது,” என்றான். எழுந்து போனான். அவன் பின்னாலேயே வேடிக்கை பார்க்க ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கடைசியில் என் மனைவியும் போனாள்.

நானும் இலையும் மட்டும் மிச்சம். சோறு ஆறிப்போயிற்று. அரை மணி கழித்து இன்ஜின் சத்தம் கேட்டது, கூடவே அவர்கள் சிரித்த சத்தமும். டீசலில் தண்ணீர்தான் கலந்திருந்ததாம்.

அதற்குப் பிறகு அவன் கணபதிக்கு வந்து பட்டறை போட்டான், மோட்டார் பம்பு வேலையில் பேர் எடுத்தான். என் வீட்டில் மிக்ஸி நின்றாலும் எஸ்தர் அவனைத்தான் கூப்பிடுவாள். நான் ஸ்க்ரூ டிரைவரோடு பக்கத்திலேயே நிற்பேன்.

அசைந்த நாள்

வேறு வழியில்லாமல் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னேன். சாமு டெம்போ பிடித்துக்கொண்டு கொச்சிக்கு வந்தான். படகுக்குள் இறங்கி, இன்ஜினை ஒரு சுற்றுப் பார்த்து, விரல் கணுவால் தட்டினான். “நம்ம தோட்டத்து ஆயில் இன்ஜினுக்குத் தம்பிதானுங் மாமா இது. மேலுக்குத்தான் தொரை வேசம்,” என்றான்.

நான் கடலையே நினைத்து வாங்கிய இன்ஜின் அது. அதைக் கிணற்று மேட்டுக்கு இழுத்துவிட்டான். இன்ஜினைப் படகிலிருந்து கழற்றி டெம்போவில் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது வாளையாறு செக்போஸ்ட்டில், “பம்புசெட்டா?” என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், “ஆமாங்க, பம்புசெட்டுதானுங்க,” என்று சொல்லி வண்டியை எடுத்துவிட்டான். ஊர் வந்து சேரும்வரை நான் அவனோடு பேசவில்லை.

பட்டறையில் அவன் செய்தது ரொம்ப எளிய வேலை. இன்ஜெக்டரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து ஊற்றினான். பிறகு சும்மா இருந்தான். நான் புத்தகத்தை விரித்து, சூடு காட்டினால் சீக்கிரம் விடும் என்றேன். “சித்த பொறுங்க மாமா, அதுவா மனசு வெச்சு வரோணும்,” என்றான். தினமும் காலையில் ஒரு தரம், பொழுதோட ஒரு தரம், கைப்பிடியைப் போட்டு மெல்ல ஒரு அழுத்து. அவ்வளவுதான்.

நானும் தினமும் கல்லூரி விட்டதும் பஸ் பிடித்துப் போய் நின்றேன். அது முதலில் அசையும்போது அந்தக் கைப்பிடியில் என் கை இருக்க வேண்டும். வேறு ஒன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

பதினோராம் நாள் காலை பதினொரு மணிக்கு அது அசைந்தது. நான் அப்போது வகுப்பில் பிஸ்டன் வளையத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். தம்பிக்குச் சோறு கொண்டு போன எஸ்தர் பக்கத்தில் இருந்திருக்கிறாள். சாயங்காலம் என்னிடம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். “கிர்ர்ருன்னு ஒரு சத்தம் வந்துதுங்க, பாத்தா கைப்பிடி கீழ எறங்கிருச்சு! தம்பி ‘அக்கா நீயும் புடி’ன்னான். நானும் சுத்துனனுங்க!”

என் படகு, என் இன்ஜின். முதலில் சுற்றியது அவன், இரண்டாவது என் மனைவி. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னேன். அது ஒருவிதத்தில் உண்மைதான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம்

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. வால்வு தேய்த்தான், வளையம் மாற்றினான், இன்ஜெக்டரைச் சரி செய்தான். கொச்சியிலிருந்து வரவேண்டியிருந்தது ஒரே ஒரு சாமான். கடல் தண்ணீரை உறிஞ்சி இன்ஜினைச் சுற்றி அனுப்பிக் குளிர வைக்க அதில் ஒரு சின்னப் பித்தளை பம்பு இருக்கும். அதற்குள் ஆறு றெக்கை கொண்ட ஒரு ரப்பர் இம்பெல்லர். அது வந்து சேர மூன்று வாரம் ஆயிற்று. இனி எப்போது கிடைக்குமோ என்று சாமு ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வைத்துக்கொண்டான்.

இந்த இம்பெல்லரைத் தண்ணீர் இல்லாமல் சுற்ற விடவே கூடாது. தண்ணீரின் வழவழப்பில்தான் அது ஓடும். காய்ந்து சுற்றினால் ஓரிரு நிமிடத்தில் ரப்பர் கருகி, றெக்கை பிய்ந்துவிடும். பிய்ந்த துண்டு தண்ணீர்ப் பாதையில் எங்காவது போய் அடைத்துக்கொண்டால், கடலுக்கு நடுவே இன்ஜின் கொதித்து நின்றுபோகும். நான் இதை வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அடிக்கோடு போட்டு.

சனிக்கிழமை சாயங்காலம் இன்ஜினை ஓட்டுவதாக ஏற்பாடு. எங்கள் பக்கம் புது மிஷின் எதுவானாலும் போதகர் வந்து ஜெபம் செய்த பிறகுதான் முதலில் ஓடும். எஸ்தர் கேசரி செய்வதாகச் சொல்லியிருந்தாள். மாமனாரும் ஆனைமலையிலிருந்து வருகிறார். சாமு கைப்பிடியைச் சுற்றுவான், எல்லோரும் கைதட்டுவார்கள். அந்தக் காட்சியை நான் முன்கூட்டியே பார்த்துவிட்டேன். ஆறிப்போன சோற்றோடு நான் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கல்லூரியில் பரீட்சை சீக்கிரம் முடிந்தது. சாமு பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மோட்டார் வேலைக்குப் போயிருந்தான். பட்டறைச் சாவி எப்போதும் பக்கத்து டீக்கடை மயில்சாமி அண்ணனிடம் இருக்கும். வாங்கித் திறந்தேன்.

நான் அதைக் கெடுக்கப் போகவில்லை. முதலில் நான் ஓட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். நாளைக்கு அவன் சுற்றும்போது, இது இரண்டாவது என்று எனக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

கைப்பிடியை மாட்டினேன். அழுத்தம் தளர்த்துகிற லீவரைத் தூக்கிவிட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று வேகமாகச் சுற்றி, லீவரைத் தட்டினேன். இரண்டு தரம் ஏமாற்றியது. மூன்றாவது தரம் பிடித்துக்கொண்டது. டக்… டக்… டக்டக்டக்! கரும்புகை பட்டறை முழுக்கச் சூழ்ந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கையைத் தட்டிக்கொண்டு சத்தமாகச் சிரித்தேன். தனியாக நின்று சிரித்தேன்.

ரப்பர் தீய்கிற நாற்றம் வந்தபோதுதான், பம்புக்குத் தண்ணீர் கொடுக்கச் சாமு பக்கத்தில் வைத்திருந்த டிரம்மைப் பார்த்தேன். டிரம் காலி. தண்ணீர்க் குழாயின் முனை தரையில் கிடந்தது.

நிறுத்தினேன். பம்பின் மூடியில் இருந்த ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். அத்தனை றெக்கையும் பிய்ந்து உள்ளே கிடந்தன. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். அந்த நேரம் வாசலில் மயில்சாமி அண்ணன்.

“இன்ஜின் ஓடுனாப்பல இருந்துதுங் சார்? ஜோரா ஓடுச்சுங்களே! டீ கொண்டாரட்டுங்களா?”

துண்டு தானாகவே சட்டைப் பைக்குள் போயிற்று. “வேண்டாங்கண்ணா. சாமுகிட்ட இப்பச் சொல்லாதீங்க, நாளைக்கு ஜெபத்தப்ப ஓடட்டும்,” என்று உளறினேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நான் மூடியை மாட்டி, பூட்டி, சாவியைக் கொடுத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தேன். மற்ற ஐந்தையும் எடுத்திருக்கலாம், உண்மையைச் சொல்லியிருக்கலாம், ஸ்பேர் இம்பெல்லரைத் தேடி மாட்டியிருக்கலாம். இவையெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றின.

ஜெபமும் கேசரியும்

சனிக்கிழமை போதகர் நீண்ட ஜெபம் செய்தார். படகு என்றதும் அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது. சாமு டிரம்மை நிரப்பி, குழாயை அதற்குள் விட்டு, ஒரே மூச்சில் இன்ஜினை ஓட்டினான். கைதட்டல். மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாமு மட்டும் வெளிக்குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் வரவில்லை. அரை நிமிடம்கூட விடாமல் இன்ஜினை நிறுத்தினான். எல்லார் முன்னாலும் பம்பைத் திறந்தான். உள்ளே மூன்று துண்டுகள் இருந்தன. குழாய் வளைவில் தேடி இரண்டு எடுத்தான். ஆறாவது இல்லை.

“ஏன்டா, ரப்பரைப் பாத்து மாட்டலியா?” என்றார் மாமனார். அவர் அவனிடம் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

சாமு நிமிர்ந்தான். டீத் தட்டோடு வாசலில் நின்ற மயில்சாமி அண்ணனைப் பார்த்தான். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தான்.

“என்ற தப்புதானுங்கப்பா. பழைய ரப்பரை மாட்டிபோட்டேன் போலிருக்குது,” என்றான்.

அது புது ரப்பர் என்பது எனக்குத் தெரியும். கையிலிருந்த கேசரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மாமனார் அவனைக் கேட்ட அந்த நொடி எனக்குள் ஒரு மூலையில் இனித்தது. முதல் தடவையாக ஓர் இன்ஜின் அவனுக்குப் பிடிகொடுக்கவில்லை.

மூன்று நாள்

“இன்னொரு ரப்பர் இருக்குதில்ல? மாட்டிரலாமே,” என்று அன்றே சொல்லிப் பார்த்தேன்.

“ஆறாவது றெக்கை கைக்குச் சிக்காம எப்படீங் மாமா? அது உள்ளுக்குள்ள போயி உக்காந்திருந்தா? நீங்க கடலுக்குப் போறவங்க. நடுவுல நின்னுபோச்சுன்னா அக்காவுக்கு யாருங்க பதில் சொல்றது?”

சனிக்கிழமை சாயங்காலமே இன்ஜினின் தலையைக் கழற்றினான். ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் மாற்றுச் சட்டைகூடப் போடாமல் வந்து உட்கார்ந்தான். எத்தனையோ நாள் உழைத்துப் பொருத்திய ஒவ்வொன்றையும் திரும்பப் பிரித்தான். நான் போவேன், நிற்பேன், சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பேன், திரும்பி வருவேன். சொல்லிவிட்டால் எஸ்தருக்குத் தெரியும், மாமனாருக்குத் தெரியும். விருந்துச் சோற்றிலிருந்து நான் சேர்த்து வைத்திருந்த அத்தனையும் வெளியே வந்துவிடும்.

திங்கட்கிழமை சாயங்காலம்தான் ஆரம்பத்தில் சொன்ன காட்சி. அவன் கம்பியை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது, அன்னூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். அவருடைய தோட்டத்து மோட்டார் மூன்று நாளாகப் பட்டறை மூலையில் தொடப்படாமல் கிடந்தது.

“சாமு கண்ணு, வாழையெல்லாம் தலை தொங்கிப்போச்சு. எப்பத்தான் குடுப்ப?”

“நாளைக்குத் தாறனுங்கம்மா. எங்க மாமா வேலை ஒண்ணு முடியலீங்க.”

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். மேலும் கீழும் பார்த்தார். “நீங்கதானுங்களா அந்தக் கப்பல் வாத்தியாரு? உங்க கப்பல் ஒரு வாரம் நின்னா ஒண்ணும் ஆவாதுங்க. என்ற வாழை நிக்காதுங்க.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை.

அவர் போனதும் சாமு கை கழுவக் குழாயடிக்குப் போனான். பையிலிருந்து ரப்பர் துண்டை எடுத்தேன். செய்தித்தாள் ஓரத்தில், கழுவி வைத்திருந்த நட்டுகளுக்கு நடுவே போட்டேன். அவன் திரும்பி வந்ததும், “அந்த நட்டுகளுக்குள்ள நல்லாப் பாத்தியா மாப்ள?” என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

அவன் குனிந்து எடுத்தான். ஈரக் கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தான். விரலில் வெள்ளையாக ஏதோ ஒட்டியது. மூன்று நாளாக என் சட்டைப் பையில் சாக்பீஸ்களோடு கிடந்த துண்டு அது.

அவன் விரலைப் பார்த்தான். கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

“ஆறும் ஆச்சுங் மாமா,” என்றான்.

துண்டை மற்ற ஐந்தோடு வரிசையில் வைத்தான். முதலில் அந்த அம்மாவின் மோட்டாரை எடுத்துப் பிரித்தான்.

புதன்கிழமை சாயங்காலம் என் இன்ஜின் மறுபடி தயார். போதகர் இல்லை, கேசரி இல்லை. நான், அவன், எஸ்தர் மட்டும். கைப்பிடியை என்னிடம் நீட்டினான். “நீங்க சுத்துங்க மாமா. உங்க இன்ஜின்.” எத்தனை நாள் அதற்காக ஏங்கியிருப்பேன்! கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். “நீயே சுத்து மாப்ள,” என்றேன். எஸ்தர் என்னை அதிசயமாகப் பார்த்தாள்.

காயலில்

மழை விட்ட பிறகு இன்ஜினைக் கொச்சிக்குக் கொண்டுபோய்ப் படகில் இறக்கினோம். முதல் ஓட்டத்துக்குச் சாமுவும் ஏறினான். கிணற்றில் மேலிருந்து குதித்து நீந்தி வளர்ந்தவன், தண்ணீர் என்றால் பயமே கிடையாது. நான் சுக்கானைப் பிடித்தேன். காயலில் இருக்கும்வரை எல்லாம் ஜோர்தான். கடல் வாய்க்குப் பக்கத்தில் வந்ததும் அலை தூக்கிப் போட ஆரம்பித்தது. சாமுவின் முகம் வெளிறியது. சட்டென்று படகின் ஓரத்துக்குப் போய்க் குனிந்து வாந்தி எடுத்தான்.

எனக்கு ஒன்றும் செய்யவில்லை. வயிறு கல் மாதிரி அசையாமல் இருந்தது. கடைசியில் ஒரு இடத்தில், ஒரே ஒரு இடத்தில், நான் அவனைவிட மேல்! மனசு குளிர்ந்துபோயிற்று என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் குளிர்ந்துபோயிற்று.

தலையைத் தொங்கப்போட்டபடியே அவன் குரல் கொடுத்தான். “தண்ணி நல்லா வருதுங் மாமா!”

இன்ஜினைக் குளிர வைத்துவிட்டு வெளியேறுகிற தண்ணீர், அவன் முகத்துக்கு நேர் கீழேதான் படகின் பக்கவாட்டிலிருந்து பீய்ச்சிக்கொண்டிருந்தது. செத்துவிடுவான் போல வாந்தி எடுக்கும்போதும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

என்னால் தாங்க முடியவில்லை. “மாப்ள, அந்த வெள்ளிக்கிழமை நான்…” என்று ஆரம்பித்தேன்.

“தெரியுமுங் மாமா. மயில்சாமி அண்ணன் சனிக்கிழமை காலைலயே சொல்லிப்போட்டாருங்க. ‘உங்க மாமா நேத்து ஓட்டிப் பாத்தாரு, ஜோரா ஓடுச்சு’ன்னு. சந்தோசமாத்தான் சொன்னாருங்க.”

“அப்ப… பம்பைத் தொறந்தப்பவே உனக்கு…”

“தெரிஞ்சுதுங்க.”

“அந்தத் துண்டு எங்கிட்ட இருக்கும்னும்?”

“இருந்தாலும் இருக்கும்னு நெனச்சனுங்க. உள்ள கெடந்தாலும் கெடக்குமில்லீங்களா?”

“அடப்பாவி, ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஆயிருக்குமே! மூணு நாள் இன்ஜினைச் சுக்குச் சுக்காப் பிரிச்சுப் போட்டியே!”

அவன் நிமிர்ந்து புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டான். நான் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டவன் போல என்னைப் பார்த்தான்.

“மாமாகிட்டப் போயி அதை எப்படீங்க கேக்கறது?” என்றான். மறுபடியும் குனிந்து வாந்தி எடுத்தான்.

நான் கேட்க வைத்திருந்த மன்னிப்பை வாயைத் திறக்க விடாமல் கொடுத்து முடித்துவிட்டான். அதிலும் அவன்தான் முதல். எனக்குக் கண் கலங்கியது, அதே நேரம் வயிறும் எரிந்தது, இரண்டும் உண்மை. அடுத்த அலை படகைத் தூக்கியபோது, ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவன் சட்டையைப் பின்னாலிருந்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கரை வந்து சேரும்வரை விடவில்லை.